மதிலோட முடியிற தண்ணி இல்லை

மாரி தொடங்கினால் எங்கட ஒழுங்கையில ஒரே கதைதான்: "வாய்க்காலைச் சபைதான் துப்புரவாக்கோணும்." உண்மைதான். தெரு வாய்க்கால் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. வரி கட்டுகிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் குசினித் தண்ணிக்குக் குழாய் வைத்து அதற்குள் விட்டது யார்? வாசலுக்குக் கொங்கிறீட் போட்டு வாய்க்காலை அடைத்தது யார்? நாங்கள்தான்.

மலக்குழிக் கதை இதைவிட மோசம். யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல். அடி கட்டாத குழியிலிருந்து இறங்குகிற கழிவு மதிலைப் பார்த்து நிற்காது. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும், எங்கட கிணற்றுக்கும் வரும். அந்தத் தண்ணியைத்தான் அள்ளிக் குடிக்கிறோம்.

சபையைக் கேட்கிறதை நாங்கள் விடப்போவதில்லை. அதோட, எங்கட குழிக்கும் கிணற்றுக்கும் இடையில எத்தனை அடி எண்டு இண்டைக்கே அளந்து பார்ப்போம்.