லெய்டன் நகரில் வாழ நம் பிள்ளைகள் ஆயத்தமா?



லெய்டன் என்னும் பெயர் தமிழருக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் எழுப்பிய புத்த விகாரத்திற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செய்தியைக் கூறும் செப்பேடுகள், நெதர்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தமையால் 'லெய்டன் செப்பேடுகள்' எனப் பெயர் பெற்றன. கடாரம் என்பது நம் கெடா என்பதால், மலேசியத் தமிழருக்கு அப்பெயரோடு இரட்டை உறவு உண்டு. 1575ஆம் ஆண்டில் தோன்றிய அப்பல்கலைக்கழகத்திற்கு நம் பிள்ளைகளும் செல்ல வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால், அங்குச் சென்று சேர்வதற்கு மதிப்பெண் போதும்; அங்கு வாழ்வதற்கு மதிப்பெண் மட்டும் போதாது.

அந்நகரின் அன்றாட நடைமுறைகள் சிலவற்றைப் பாருங்கள்.

முதலாவது, பதிவு. நான்கு மாதங்களுக்கு மேல் தங்குவோர், வந்து சேர்ந்த ஐந்து நாள்களுக்குள் நகராட்சியில் பதிந்துகொள்ள வேண்டும். கடப்பிதழ், வாடகை ஒப்பந்தம், உரிய சான்றொப்பம் பெற்ற பிறப்புச் சான்றிதழ் ஆகியன வேண்டும். நினைத்த நேரத்தில் முகப்பில் போய் நிற்க இயலாது. முன்பதிவு செய்துகொண்டே செல்ல வேண்டும். நகராட்சியின் தொலைபேசி எண் 14 071. பதிந்தவருக்கு 'பி.எஸ்.என்.' எனப்படும் ஒன்பது இலக்க எண் கிடைக்கும். சம்பளம், காப்புறுதி, வரி என எதற்கும் அவ்வெண்ணையே கேட்பார்கள்.

இரண்டாவது, மருத்துவம். நம் நாட்டில் காய்ச்சல் என்றால் தாமானில் உள்ள கிளினிக்கிற்குப் போகிறோம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கு நிலைமை வேறு. 'ஹவுஸ்ஆர்ட்ஸ்' எனப்படும் குடும்ப மருத்துவரிடம், உடல்நலத்தோடு இருக்கும்போதே பெயரைப் பதிந்துவைக்க வேண்டும். அவருடைய பரிந்துரை இல்லாமல் மருத்துவமனைச் சிறப்பு மருத்துவரைப் பொதுவாகக் காண முடியாது. இரவிலும் வார இறுதியிலும் அவசரம் என்றால், குடும்ப மருத்துவர்களின் இரவு நேர நிலையத்தை முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112; அவசரமற்ற காவல்துறை உதவிக்கு 0900-8844. காப்புறுதியிலும் ஒரு நுட்பம் உண்டு. படிக்க மட்டும் செல்லும் மாணவர் பொதுவாக அந்நாட்டு அடிப்படைக் காப்புறுதியை எடுக்கத் தேவையில்லை. வேறு தக்க காப்புறுதி இருந்தால் போதும். பகுதிநேர வேலையில் சேர்ந்துவிட்டால் எடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, வீடும் வீதியும். காய்கறிக் கழிவு, தாள், கண்ணாடி எனக் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும். சிறு நெகிழிப் புட்டிகளுக்கு 2021 முதலும், பானக் குவளைகளுக்கு 2023 முதலும் 15 காசு வைப்புத்தொகை உண்டு; காலியானதைப் பேரங்காடி இயந்திரத்தில் போட்டால் அத்தொகை திரும்பும். தொடர்வண்டியில் செல்ல, நுழையும்போதும் வெளியேறும்போதும் வங்கி அட்டையைக் காட்ட வேண்டும். வெளியேறும்போது மறந்தால் கூடுதல் பணம் போகும். இரவில் மிதிவண்டிக்கு முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் கட்டாயம். 2019 முதல், மிதிவண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பதும் குற்றமே.

இவற்றில் கடினமானது எது? ஒன்றுமில்லை! ஆயினும், பத்தொன்பது வயது வரை படிவத்தை அப்பா நிரப்ப, மருத்துவரிடம் அம்மா பேச, வண்டியில் அண்ணன் கொண்டுபோய் விட வளர்ந்த பிள்ளைக்கு இவை அனைத்தும் மலையே. சனிக்கிழமை இரவில் காய்ச்சல் கண்டால், அப்பிள்ளை முதலில் அழைப்பது ஈப்போவிலோ கிள்ளானிலோ உறங்கிக்கொண்டிருக்கும் தாயைத்தான். அத்தாயால் பதறத்தான் முடியுமே தவிர, லெய்டனில் மருத்துவரைத் தேடித் தர முடியுமா?

டச்சுக்காரர் தம் பிள்ளைகளை எவ்வாறு வளர்க்கின்றனர்? தொடக்கப்பள்ளியின் இறுதி ஆண்டுகளில், பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள், பள்ளிகளில் போக்குவரத்துத் தேர்வு நடைபெறுகிறது. எழுத்துத் தேர்வோடு அது முடிவதில்லை. மெய்யான சாலையில் மிதிவண்டி ஓட்டிச் செய்முறைத் தேர்வும் எழுகிறது. ஊரைப் பயன்படுத்தும் அறிவையும் அவர்கள் கல்வியாகவே கருதுகின்றனர். நம் சாலைகளில் பிள்ளையை மிதிவண்டியோடு விட முடியாது என்பது உண்மை. ஆனால், அந்நோக்கத்தை நாம் பின்பற்றத் தடையில்லையே!

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தனிப் பாட வேளை எதுவும் வேண்டாம். கருத்துணர்தல் பகுதிக்கு ஒரு பேருந்துக் கால அட்டவணையைத் தரலாம். கட்டுரைப் பயிற்சியில் ஒருமுறையேனும் நூலக உறுப்பினர் படிவத்தை நிரப்பச் சொல்லலாம். வாய்மொழிப் பயிற்சியில், 999க்கு அழைத்து இடத்தையும் நிலைமையையும் தெளிவாகக் கூறும் உரையாடலை நடிக்க வைக்கலாம். இவை மொழிப்பாடம் அல்லாமல் வேறென்ன? நாம் போற்றும் அச்செப்பேடும் ஊரின் எல்லைகளை வரிசையாகக் குறித்த ஓர் அலுவலக ஆவணமே அன்றோ!

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கிளினிக்கிற்குச் சென்றால், முகப்பில் பெயரையும் நோயையும் பிள்ளையே சொல்லட்டும். அஞ்சலகத்தில் பிள்ளையே வரிசையில் நிற்கட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். தடுமாறினால் உடனே வாய் திறக்காதீர்கள். ஓரிரு நிமிடம் கூடுதலாகும். வரிசையில் நிற்போர் முகம் சுளிக்கவும் கூடும். பரவாயில்லை.

பெட்டியில் ஊறுகாயும் மசாலைத் தூளும் வைத்து அனுப்புகிறோம். அவை ஓரிரு மாதங்களில் தீர்ந்துவிடும். தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளும் துணிவு தீராது. அதைப் பதினெட்டு வயதில் விமான நிலையத்தில் வைத்துக் கொடுக்க முடியாது; ஏழு வயதிலிருந்தே சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.