உயரம் பத்தலையா, ஊர் பத்தலையா?

கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனிலிருந்து தங்கத்தோடு திரும்பினார். ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியின் கபடி இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று நொறுக்கிய அணி அது. உடனே நம் தோழர்கள் சமூக ஊடகத்தில் ஒரு கேள்வியைப் பற்ற வைத்தார்கள்: குகேஷுக்கு 5 கோடி, கார்த்திகாவுக்கு 25 லட்சமா? உலகச் சாம்பியன் பட்டமும் இளையோர் பதக்கமும் ஒன்றா என்று எதிர்த்தரப்பு கேட்டது. இரண்டு நாள் சண்டை, பிறகு அடுத்த விஷயம்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது பதக்கம் வந்த பிறகு கேட்கிற கேள்வி. பதக்கத்துக்கு மூன்று, நான்கு வருடம் முன்னால் ஒரு மைதானத்தில், ஒரு காகிதத்தில், பன்னிரண்டு பெயர்கள் எழுதப்படுகின்றன. அந்தக் காகிதத்தை எழுதுவது யார்? எதைப் பார்த்து எழுதுகிறார்கள்? இதைக் கேட்க நமக்கு ஒரு கார்த்திகா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெண்கள் கபடி செலக்‌ஷன் எப்படி நடக்கிறது என்று பார்க்காத தோழர்களுக்காகச் சொல்கிறோம். முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அந்தக் குழுவில் இருக்கிற பயிற்சியாளரின் பிள்ளைகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. காலையில் ஆதார் அட்டையைப் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள். ஜூனியர் பெண்கள் பிரிவு என்றால் 20 வயதுக்குள், 65 கிலோவுக்குள். அந்த நாள் முழுக்க யாரும் மறுக்க முடியாதபடி அளக்கப்படுவது இந்த இரண்டு மட்டும்தான். அதன்பிறகு ஏழு ஏழு பேராகப் பிரித்து ஆட விடுவார்கள். நிழலில் நாற்காலி போட்டு மூன்று, நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம். சாயங்காலம் பெயர் வாசிப்பார்கள்.

கபடி தனி ஆள் விளையாட்டில்லை. இதுதான் இங்கே சூட்சுமம். கார்னரில் நிற்கிற பெண் காலைப் பிடித்தால், அதே நொடியில் கவரில் நிற்கிறவள் வந்து அடைக்க வேண்டும். இரண்டு பேரும் மாதக்கணக்கில் சேர்ந்து ஆடியிருந்தால்தான் அது வரும். ஒரு கிளப்பிலிருந்து எட்டுப் பேர் ஒரே ஜெர்சியில் வந்திறங்குகிறார்கள். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அம்மாவோடு இரண்டு பஸ் மாறித் தனியாக வருகிறாள். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அவளை நிறுத்துகிறார்கள். அவள் பாய்ந்து பிடிக்கிறாள், அடைக்க ஆள் வரவில்லை, ரைடர் தப்பித்துக் கோட்டைத் தொட்டுவிடுகிறார். தேர்வாளர் கண்ணில் அது அவளுடைய தப்பு. ரைடு போக அவளுக்கு எத்தனை முறை வாய்ப்பு தந்தார்கள்? ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு. செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவள் சிந்தெடிக் மேட்டில் கடன் வாங்கிய ஷூவோடு ஆடுகிறாள் என்பது தனிக் கதை.

இதையே ஓட்டத்தோடு வைத்துப் பாருங்கள். நம் மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி. பெற்றோரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர். வெறுங்காலோடு ஓடியவரைக் கண்டெடுத்துப் பயிற்சி கொடுத்தவர் கண்ணன். 2021 ஜூலையில் பாட்டியாலாவில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தேர்வு ஓட்டம் நடந்தது. 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி முதலில் வந்தார். கலப்பு ரிலே அணியில் இடம் கிடைத்தது. அங்கே தீர்ப்புச் சொன்னது ஸ்டாப்வாட்ச். அதற்கு மாமன் மச்சான் கிடையாது, யார் எந்தத் தெரு என்று தெரியாது. கபடியிலும் ஹாக்கியிலும் கால்பந்திலும் ஸ்டாப்வாட்ச் இருக்கிற இடத்தில் ஒரு மனிதனின் கண் இருக்கிறது. அந்தக் கண் ஒரு ஊரில், ஒரு தெருவில் பிறந்து வளர்ந்த கண்.

சும்மா ஒரு சர்டிபிகேட்டுக்கா இத்தனை பேச்சு என்று சிலர் கேட்கலாம். அந்தச் சர்டிபிகேட் என்னவாக மாறுகிறது என்று பாருங்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். மருத்துவத்தில் 7. அரசு விளையாட்டு விடுதியில் சேர்ந்தால் சாப்பாடு, தங்குமிடம், பள்ளிப் படிப்பு. சாயங்காலம் வாசிக்கிற பன்னிரண்டு பெயர் இதற்கெல்லாம் முதல் படி. முதல் படியை மறித்துவிட்டால் மேலே யாரும் யாரையும் மறிக்க வேண்டியதில்லை.

மைதானத்துக்கு வருவதற்கு முன்னாலேயே பாதி மறிக்கப்பட்டுவிடுகிறது என்பது வேறு. மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் விளையாட இடமிருப்பது ஊர் மந்தையில். சேரிப் பையன் அங்கே நுழைவதே பிரச்சினை என்றால், சேரிப் பெண் பிள்ளை ட்ரவுசர் போட்டுக்கொண்டு அங்கே பாடிப் போவது எப்படி? திருவிழாக் கபடிப் போட்டியில் ஜெர்சி முதுகில் சாதித் தலைவர் படம், மைக்கில் சாதிப் பட்டத்தோடு வாழ்த்து. நம் வீடுகளையும் சொல்லத்தான் வேண்டும். வயசுக்கு வந்துவிட்டால் விளையாட்டை நிறுத்து என்கிற அண்ணன்மார் நம் காலனிகளிலும் இருக்கிறார்கள், நீலத் துண்டு போட்டுக்கொண்டே. ஆனால் அந்த அண்ணன் பயப்படுவதும் முழுக்கப் பொய்யில்லை. பிள்ளையை வெளியூருக்குக் கூட்டிப்போகிற அணியில் ஒரு பெண் பொறுப்பாளர்கூட இல்லாமல் அனுப்பச் சொன்னால் யார் அனுப்புவார்கள்?

எங்கள் வேலையில் தெரிந்த ஒரு பெண். பெயரும் பள்ளியும் வேண்டாம். ப்ளஸ் ஒன் படிக்கும்போது தேர்வுக்குப் போனாள். நன்றாகவே ஆடினாள் என்று எதிர் அணிப் பிள்ளைகளே சொன்னார்கள். பெயர் வரவில்லை. அம்மா போய்க் கேட்டார். "உயரம் பத்தலைம்மா, அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்கள். எடுக்கப்பட்டவர்களில் இரண்டு பேர் அவளைவிடக் குள்ளம். கிளம்பும்போது ஒருவர் கேட்டாராம், "நீங்க ஊருக்குள்ளயா, காலனியா?" தேர்வு முடிந்த பிறகு கேட்ட கேள்விதான். அதனால் அதை எந்தப் புகாரிலும் எழுத முடியாது. இந்த விஷயத்தில் சாதி எப்போதும் எழுத முடியாத இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அடுத்த வருஷம் அவள் போகவில்லை. அம்மாவுக்கு ஒருநாள் கூலி, பஸ் காசு, பிறகு அதே உயரம்.

"விளையாட்டில் எங்கப்பா சாதி பார்க்கிறோம், திறமைதான்" என்பார்கள். வந்தனா கட்டாரியாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலை 31, டோக்கியோ. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். நான்கு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றது. ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டார்கள், அதனால்தான் தோற்றது என்று கத்தினார்கள். வழக்குப் பதிவானது. கத்தியவர்கள் பேசியது ஆட்டத்தைப் பற்றியில்லை, தேர்வைப் பற்றி. அணியில் யார் இருக்கலாம், எத்தனை பேர் இருக்கலாம் என்று. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் இதைக் கத்த மாட்டார். அவருக்குக் கத்தவேண்டிய தேவை இல்லை, பேனா கையில் இருக்கிறது.

அந்தத் திறமைத் தேர்வின் யோக்கியதையைத் தில்லி உயர் நீதிமன்றமே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 2018-இல் கபடிக் கூட்டமைப்பு கணவன் தலைவர், பிறகு மனைவி தலைவர் என்று ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. அந்த நியமனங்களை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆசிய விளையாட்டுக்கு அணி எடுத்ததில் முறைகேடு என்று முன்னாள் வீரர்கள் போன வழக்கில், அணி போய் வரட்டும், வந்தபிறகு எடுக்கப்பட்டவர்களும் எடுக்கப்படாதவர்களும் மோதிப் பார்க்கட்டும் என்றது. செப்டம்பர் 15 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி முன்னிலையில். எடுக்கப்படாதவர்கள் வந்து நின்றார்கள். இந்திய அணி வரவே இல்லை. அந்த ஆசிய விளையாட்டில்தான் நம் பெண்கள் அணி இறுதியில் ஈரானிடம் 24-27 என்று தோற்றது. வெளியே நின்றவர்கள் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று நாங்கள் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கவே விடவில்லை என்கிறோம்.

இட ஒதுக்கீடு வைத்தால் அணி கெட்டுவிடும் என்று அடுத்த வாதம் வரும். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் 2016-இல் இலக்கு வைத்தது: ஒரு பருவத்தின் சராசரியில் அணியில் ஆறு பேர் வெள்ளையரல்லாதவர்கள், அதில் இரண்டு பேராவது கறுப்பின ஆப்பிரிக்கர்கள். டெம்பா பவுமாவைக் கோட்டா ஆட்டக்காரன் என்று எத்தனை ஆண்டு எள்ளினார்கள்! 2025 ஜூன் 14, லார்ட்ஸ் மைதானம். ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலக டெஸ்ட் சாம்பியன் பட்டத்தை வாங்கியது பவுமா தலைமையிலான அணி.

இங்கே அவ்வளவு தூரம்கூட நாம் கேட்கவில்லை. 2025-இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சங்க நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பெண்ணுக்கு எழுத முடிந்ததைப் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு எழுதக் கை வராதா? தேர்வுக் குழுவில் தலித், பழங்குடிப் பயிற்சியாளர்கள் இருக்கட்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். தனியாக வருகிற பிள்ளைக்கு ஒரு நாள் ஆட்டம் போதாது. மூன்று நாள் முகாம் வைத்து, அணிகளைக் கலைத்துக் கலைத்துப் போட்டு ஆட விடட்டும். ரைடு, பிடி, போனஸ் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் தாள் வேண்டும். அது அன்றைக்கே சுவரில் ஒட்டப்பட வேண்டும். பஸ் காசும் ஒருநாள் கூலியும் அரசு தரட்டும்.

மதுரை மாணவர்கள் இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வை ஆண்டுதோறும் நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். அது அரசு அமைப்பு, தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். மாணவிகள் பிரிவில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், அதில் பட்டியல் சாதி, பழங்குடி எத்தனை, தேர்வாளர்கள் யார் யார், மதிப்பெண் தாளின் நகல். ஐந்து வருடத்துக்குக் கேளுங்கள். தாளே இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் முத்திரையோடு வாங்கி வையுங்கள், அடுத்த வழக்குக்கு அதுதான் முதல் ஆவணம்.