கூலிக்கு நடத்தப்படும் போர்: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

உரும்பிராயில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்குக் கடந்த தவணை முடிவில் பழைய மாணவன் ஒருவன் வந்தான். உயர்தரம் எழுதிவிட்டுத் தகப்பனோடு தோட்டம் செய்பவன்.

"சேர், ஏஜென்ட் ஒராள் ரஷ்யாவுக்கு அனுப்புறன் எண்டு சொல்லுறார். அங்க கொஞ்ச நாள் நிண்டால் பிறகு பிரான்ஸுக்கு மாத்தி விடுவினமாம். போகலாமோ?"

என்ன வேலை என்று கேட்டேன். "செக்கியூரிட்டி மாதிரித்தானாம். ஒரு பேப்பரில சைன் வைக்க வேணுமாம்." அந்தப் பேப்பர் எந்த மொழியில் இருக்கும் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

அவனை இருத்தி வைத்துச் சில கணக்குகளைச் சொன்னேன். ரஷ்ய - உக்ரைன் போரில் ஓய்வுபெற்ற இலங்கைப் படையினர் 288 பேர் பங்கேற்றதாகவும் அவர்களில் 16 பேர் உயிரிழந்ததாகவும் 2024 மே மாதத்தில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் கூறினார். 2025 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் தந்த கணக்கு இதைவிடப் பெரியது: ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், இறந்தவர்கள் 59 பேர். எல்லோரும் முன்னாள் இராணுவத்தினர் அல்லர். ஐரோப்பா போகலாம் என்று நம்பிப் புறப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் போர்முனையில் சிக்கிக்கொண்டதாகப் பெற்றோர் முறையிட்டார்கள்.

அவன் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று அவனுக்குச் சொல்லாமல் விட்ட இன்னொரு கதை இருக்கிறது. அதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1987ஆம் ஆண்டு நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் சிறு பிள்ளை. கோட்டையிலிருந்து ஷெல் வரும், வானத்தில் ஹெலி சுற்றும். ஹெலிச் சத்தம் கேட்டதும் உம்மா எங்களை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போவார். மேலே இருப்பவன் அரசாங்கத்தின் ஆள் என்றுதான் பெரியவர்களும் நினைத்தார்கள். அதை ஓட்டுபவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று எவரும் கேட்டதில்லை.

அந்த ஆண்டுகளில் இலங்கை விமானப்படைக்கு விமானிகள் போதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் பிரித்தானியத் தனியார் நிறுவனம் ஒன்றின் ஆட்களும் இருந்தார்கள். அதன் பெயர் கீனி மீனி சேர்விசஸ், சுருக்கமாகக் கே.எம்.எஸ். பிரித்தானியாவின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்ஸின் முன்னாள் அதிகாரிகள் 1970களில் தொடங்கிய நிறுவனம் அது. 1984இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் அதை இங்கு அழைத்தது. பொலிஸ் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுப்பது முதல் வேலை. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் பயிற்சி நடந்தது. பின்னர் அதன் விமானிகள் போர்ப் பறப்புகளிலும் ஈடுபட்டார்கள். பிரித்தானிய அரசாங்கத்தின் ஆவணங்களைத் தேடியெடுத்து ஊடகவியலாளர் பில் மில்லர் 2020இல் வெளியிட்ட நூல் இவற்றை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

விசேட அதிரடிப்படை என்றால் கிழக்கு மக்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1987 ஜனவரி 28இல் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடந்த கொலைகளில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவுகள் உள்ளன. கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது அதிரடிப்படை. அந்தப் படைக்குப் பயிற்சி கொடுத்த நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்ற கேள்வி அன்றைக்கே எழுந்திருக்க வேண்டும்.

எழவில்லை. பிரித்தானியா தனது இராணுவத்தை அனுப்பியிருந்தால் அந்நாட்டுப் பாராளுமன்றம் கேள்வி கேட்டிருக்கும், இந்தியாவும் கோபித்திருக்கும். தனியார் நிறுவனம் போனதால் இது கொழும்புக்கும் ஒரு கம்பனிக்கும் இடையிலான வியாபாரம் என்று லண்டன் விலகி நிற்க முடிந்தது. கொழும்புக்கோ இவர்கள் வெறும் ஆலோசகர்கள். நிறுவனத்தைக் கேட்டால், நாங்கள் அரசாங்கம் சொன்னதைச் செய்தோம் என்று சொல்லலாம். ஆக, சுடப்பட்டவனுக்கு எந்தக் கதவைத் தட்டுவதென்றே தெரியாது.

கூலிப்படையைப் பணத்தாசை என்ற ஒரு சொல்லோடு கடந்து போய்விடுகிறோம். அரசாங்கங்கள் தனியாரை வாடகைக்கு எடுப்பது ஆள் பற்றாக்குறையால் மட்டுமல்ல. பதில் சொல்லும் கடமையையும் சேர்த்தே அவை கைமாற்றப் பார்க்கின்றன.

சட்டமும் இதற்கு இடம் விட்டிருக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாவது மேலதிக நெறிமுறையில் 47ஆம் பிரிவு கூலிப்படையாள் யார் என்று வரையறுக்கிறது. ஆறு நிபந்தனைகள். ஆறும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். அதில் ஒன்று, நேரடியாகச் சண்டையில் பங்கேற்றிருக்க வேண்டும் என்பது. பயிற்சி மட்டும் கொடுத்தவர் அந்த இடத்திலேயே வெளியே போய்விடுகிறார். இன்னொன்று, போரிடும் தரப்பின் ஆயுதப் படையில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது. ரஷ்ய இராணுவத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எங்கள் பொடியன் சட்டத்தின் பார்வையில் கூலிப்படையாள் அல்ல, ரஷ்யச் சிப்பாய். அவனை ஏமாற்றி அனுப்பியவர் வெறும் ஏஜென்ட்.

1989இல் ஐ.நா. கூலிப்படைகளுக்கு எதிரான தனிச் சமவாயம் ஒன்றை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவே 2001 ஒக்டோபர் வரை எடுத்தது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் அதில் இணையவில்லை. 2008ஆம் ஆண்டின் மொன்ரூ ஆவணம் தனியார் இராணுவ நிறுவனங்கள் குறித்து அரசுகளின் கடமைகளை எடுத்துச் சொல்கிறது. ஆனால் அது எவரையும் சட்டத்தால் கட்டுப்படுத்தாது.

இதன் விலையை ஈராக்கிய மக்கள் கொடுத்தார்கள். 2007 செப்டெம்பர் 16இல் பக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளக்வோட்டர் நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் 17 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்களை ஈராக்கிய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாதபடி ஆக்கிரமிப்பு நிர்வாகம் முன்னரே ஒரு கட்டளை பிறப்பித்திருந்தது. நான்கு காவலர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் 2014இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். 2020 டிசம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார்.

2025இல் காஸாவில் உணவு விநியோக நிலையங்களுக்குக் காவல் நின்றவர்களும் அமெரிக்கத் தனியார் ஒப்பந்தக்காரர்கள்தான். அந்த நிலையங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதாகவும், பெரும்பாலானவர்களைக் கொன்றது இஸ்ரேலிய இராணுவம் என்றும் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் சொன்னது. உணவுக்காக வரிசையில் நின்றவனைக் கொன்றதற்கு இராணுவம் பதில் சொல்வதா, கம்பனி பதில் சொல்வதா, பணம் கொடுத்தவர் பதில் சொல்வதா என்ற பழைய விளையாட்டு அங்கேயும் நடக்கிறது.

ஆனால் எல்லாக் கதவுகளும் பூட்டியிருக்கவில்லை. அபூ குரைப் சிறையில் வதைபட்ட மூன்று ஈராக்கியர்கள் கசி என்ற ஒப்பந்த நிறுவனத்துக்கு எதிராக 2008இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் ஜூரிகள் அவர்களுக்கு 42 மில்லியன் டொலர் வழங்குமாறு தீர்ப்பளித்தார்கள். பதினாறு ஆண்டுகள் விடாமல் நின்றார்கள். கே.எம்.எஸ். விடயத்திலும் லண்டன் பெருநகரப் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு 2020இல் விசாரணையைத் தொடங்கியது. குற்றச்சாட்டுகள் இன்னும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டவை அல்ல. நிரூபிக்க வேண்டுமென்றால் சாட்சிகள் உயிரோடு இருக்க வேண்டும், கோப்புகள் திறக்கப்பட வேண்டும்.

வடக்கு முஸ்லிம்களாகிய எங்களை 1990 ஒக்டோபரில் விரட்டியவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சி ஊடகவியலாளர் மாநாட்டில் அந்தக் கேள்வி அவர்கள் முகத்துக்கு நேரே கேட்கப்பட்டது. அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். அது எங்கள் இழப்புக்கு ஈடாகவில்லை. ஆனாலும் கேட்பதற்கு ஒரு முகவரி இருந்தது. கட்டிலுக்குக் கீழே உம்மா எங்களை அணைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களுக்கு இன்றுவரை முகவரி இல்லை.

பாடசாலையில் இடைவேளைக்கு மைதானக் கடமை அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவோம். பிள்ளை விழுந்து கை உடைந்தால் அன்றைக்கு யாருடைய பெயர் இருந்தது என்று அதிபர் பார்ப்பார். கடமையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன் என்று சொன்னாலும் பொறுப்புத் தீராது. ஒரு சின்னப் பாடசாலைக்குப் பொருந்தும் நியாயம் அரசாங்கங்களுக்கும் பொருந்த வேண்டும். பொறுப்பு ஓர் அமானிதம். அதை விலைக்கு விற்க முடியாது.

ஆகவே பிரித்தானியா அந்த ஆண்டுகளின் கோப்புகளை மறைக்காமல் திறக்க வேண்டும். லண்டனில் வாழும் எமது உறவுகள், தமிழரும் முஸ்லிம்களும், தங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இதைச் சேர்ந்து கேட்கலாம். கிழக்கில் நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்கள் இப்போதே பதிவாக வேண்டும். ரஷ்யாவுக்கு ஆட்களை அனுப்பிய முகவர்களை எமது அரசாங்கம் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். ஜும்ஆவுக்குப் பின்னர் பள்ளிவாசலில் ஐந்து நிமிடம், பாடசாலைக் காலைக்கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதைப் பேசினாலே சில பிள்ளைகள் தப்பும். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதே, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் காசு கட்டாதே. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

அந்த மாணவனை மீண்டும் கண்டபோது ஏஜென்ட் இன்னமும் அழைப்பு எடுப்பதாகச் சொன்னான். அவனோடு படித்த வேறு இருவரின் பெயரையும் அவர் கேட்டாராம். அடுத்த கிழமை அந்த இரண்டு வீட்டுக்கும் போகிறேன்.