ஏர்கன்னுக்கு ரெட் டாட்: எதைப் பார்த்து வாங்குவது?

உழவர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், விடுமுறைக்கு வந்தால் தோப்பில் அட்டை கட்டி வைத்து ஏர்கன்னில் சுட்டுப் பழகுகிறான். இப்போது அதற்கு ‘ரெட் டாட் சைட்’ வாங்க வேண்டும் என்கிறான். ஆயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது, பத்தாயிரத்துக்கும் இருக்கிறது. எதை நம்பி வாங்குவது? அதைப் பொருத்தினால் வாழையில் இறங்கும் பன்றியையும் விதைப்பில் இறங்கும் மயிலையும் விரட்ட உதவுமா?
– வாசகர், மேக்கரை

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உதவாது. உதவாதது மட்டுமல்ல, உங்கள் குடும்பத்தைக் கோர்ட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்.

மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022இல் வந்த திருத்தத்தின்படி, முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதற்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. இந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருளல்ல. காயப்படுத்துவதும் வேட்டைதான், கொல்ல முயல்வதும் வேட்டைதான். “சும்மா விரட்டத்தான் சுட்டேன்” என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பலனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. அரை கிராம் ஈயக் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் விசை 10 ஜூல். எழுபது, எண்பது கிலோ பன்றியை அது வீழ்த்தாது. தோலுக்குள் தங்கிப் புண்ணாகும். காயம்பட்ட பன்றி எந்த நேரம் யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் நீங்களோ, புல்லறுக்கப் போகும் உங்கள் வீட்டுப் பெண்களோதான் அதன் எதிரில் நிற்க வேண்டியிருக்கும்.

பன்றியைச் சுட அரசே அனுமதி கொடுத்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது இதுதான்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் செய்ய வேண்டும், உழவர் அல்ல. மேக்கரை, வடகரை, பண்பொழிப் பக்கம் பல நிலங்கள் காட்டை ஒட்டியே கிடப்பதை நீங்களே அறிவீர்கள்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். அட்டையைக் குறிபார்த்துச் சுடுவது நல்ல பொழுதுபோக்கு. கையும் மனமும் நிதானப்படும். அதற்காக வாங்குவதென்றால் தாராளமாக வாங்கலாம்.

துப்பாக்கி சட்டத்துக்கு உட்பட்டதா?

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, .177 அங்குலம் (4.5 மி.மீ.) வரை குழல் விட்டமும் 20 ஜூல் வரை விசையும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. .22 அளவு ஏர்கன் என்றால் உரிமம் வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். பழைய துப்பாக்கியைப் பில் இல்லாமல் கைமாற்றாக வாங்க வேண்டாம்.

ரெட் டாட் எப்படி வேலை செய்கிறது?

சாதாரண ஏர்கன்னில் பின்குறி, முன்குறி, அட்டை மூன்றையும் கண் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். வயது ஏற ஏற மூன்றும் ஒன்றாகத் தெளிவாய்த் தெரியாது. ரெட் டாட்டில் ஒரு சிறு எல்இடி விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்குத் திரும்புகிறது. அந்தப் புள்ளி தூரத்தில் அட்டையின் மேலேயே ஒட்டியிருப்பதுபோல் தெரியும். புள்ளியை அட்டையில் வைத்து விசையை இழுத்தால் போதும். இந்தத் தத்துவத்துக்கு அயர்லாந்தைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் 1900இல் காப்புரிமை பெற்றார். பேட்டரியில் இயங்கும் இன்றைய வகையை 1975இல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் கொண்டுவந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. ரெட் டாட் குறி காட்டுமே தவிர, துப்பாக்கியைத் திருத்தாது. தரமில்லாத குண்டையும் ஆடும் கட்டையையும் வைத்துக்கொண்டு எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பலன் இல்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலாவது, உதை தாங்குமா என்பது. நம்மூரில் பெரும்பாலும் குழலை மடக்கி அழுத்தும் ஸ்பிரிங் ஏர்கன்தான். விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முனையில் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னால் இழுபடுகிறது. ஒரே சுடுதலில் இரண்டு பக்க உதை. பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்கும் நல்ல கண்ணாடிகூட இந்த முன்பக்க உதையில் உள்ளுக்குள் கழன்றுவிடும். ஆகவே ‘ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது’ என்று பெட்டியிலோ உத்தரவாத அட்டையிலோ எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது. காற்றை முன்பே நிரப்பி வைக்கும் பிசிபி வகைத் துப்பாக்கி என்றால் இந்தக் கவலை இல்லை.

இரண்டாவது, பிடிமானம். ஏர்கன் மேலே உள்ள பள்ளம் பெரும்பாலும் 11 மி.மீ. அகலம். கடையில் கிடைக்கும் பல ரெட் டாட்டுகள் 20 மி.மீ. சட்டத்துக்குச் செய்தவை. இடையில் ஒரு துண்டு வைத்து மாட்டலாம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஓர் ஆட்டம். நேரே 11 மி.மீ. பள்ளத்தில் அமரும் அடிப்பாகம் உள்ளதே நல்லது. ஸ்பிரிங் துப்பாக்கியின் உதையில் பார்வைக்கருவி மெல்ல மெல்லப் பின்னால் நகரும். அதைத் தடுக்கும் நிறுத்து ஊசி இருக்கிறதா, அந்த ஊசி இறங்கத் துப்பாக்கியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, புள்ளியின் அளவு. இதை எம்ஓஏ என்ற கணக்கில் எழுதியிருப்பார்கள். 1 எம்ஓஏ என்பது 100 மீட்டரில் சுமார் 3 செ.மீ., 10 மீட்டரில் சுமார் 3 மி.மீ. ஆக 4 எம்ஓஏ புள்ளி 20 மீட்டரில் சுமார் 24 மி.மீ. இடத்தை மறைக்கும். கிட்டத்தட்ட ஒரு 10 ரூபாய் நாணயம். சின்ன அட்டைக்கு 2 அல்லது 3 எம்ஓஏ போதும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வசதி வேண்டும். தோப்பு நிழலுக்கும் உச்சி வெயிலுக்கும் ஒரே வெளிச்சம் ஒத்துவராது.

நான்காவது, ஈரம். தென்காசி, குற்றாலப் பக்கம் சாரல் காலத்தில் இது முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பீரோவில் வைத்த செருப்பே பூஞ்சை பூக்கும் ஊர் நம்முடையது. அடைப்புச் சரியில்லாத கண்ணாடியின் உள்ளே பனி படியும், துடைக்க வழியில்லை. ‘ஐபிஎக்ஸ் 7’ என்று இருந்தால் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். நைட்ரஜன் நிரப்பி அடைத்தது என்றால் இன்னும் நல்லது.

ஐந்தாவது, பேட்டரி. சிஆர் 2032 என்ற பொத்தான் பேட்டரி எளிதில் கிடைக்கும். அதில் ஓடுவதாக வாங்குங்கள். கழற்றிய பேட்டரியைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். கருவியை மேசையில் அசையாமல் வைத்து, புள்ளியை எதிர்ச்சுவரின் ஒரு குறியில் பொருத்துங்கள். கருவியைத் தொடாமல் தலையை மட்டும் இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். புள்ளி குறியை விட்டு லேசாக நகர்ந்தால் பாதகமில்லை. வெகுதூரம் ஓடினால் வேண்டாம். அடுத்து, புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்த நட்சத்திரம்போல் தெரிந்தால், செல்போன் கேமரா வழியாக அதையே பாருங்கள். கேமராவில் வட்டமாகத் தெரிந்தால் குறை கருவியில் இல்லை, உங்கள் கண்ணில். கண் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய சோதனை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். நம்பகமா இல்லையா என்பது இங்கேதான் தெரியும், விலைச் சீட்டில் அல்ல.

1. முதலில் ரெட் டாட் இல்லாமல், துப்பாக்கியின் சொந்தக் குறியிலேயே 10 மீட்டரில் 5 குண்டு சுடுங்கள். கட்டைத் திருகுகளை முன்பே இறுக்குங்கள். ஒரே வகை, ஒரே எடைக் குண்டு வேண்டும். இதிலேயே குண்டுகள் சிதறினால் ரெட் டாட் வாங்கியும் பயனில்லை.

2. ரெட் டாட்டைப் பொருத்திப் புள்ளியைச் சரிசெய்து 5 குண்டு சுடுங்கள். ஐந்தும் விழுந்த இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள்.

3. இன்னும் 50 குண்டு சுட்டபின், அதே அட்டையில் மறுபடி 5. வட்டம் நகர்ந்திருந்தால் திருகுகளைப் பாருங்கள். திருகு இறுக்கமாக இருந்தும் நகர்ந்திருந்தால் கருவி சரியில்லை.

4. மேலே 10 கிளிக், வலது 10, கீழே 10, இடது 10 என்று திருப்பி ஒவ்வொரு முறையும் சுடுங்கள். கடைசிக் குண்டு தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். 1 எம்ஓஏ கிளிக் என்றால் 10 மீட்டரில் 10 கிளிக்குக்கு சுமார் 3 செ.மீ. நகரும்.

இந்த நான்கிலும் தேறினால் விலை குறைந்ததையும் நம்பலாம். தேறாவிட்டால் பத்தாயிரம் ரூபாய்க் கருவியையும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மகன் போட்டிக்குப் போகும் எண்ணத்தில் இருந்தால்

அப்படியானால் ரெட் டாட் வாங்கவே வேண்டாம். ஒலிம்பிக்கில் உள்ள 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் லென்ஸ் வைத்த பார்வைக்கருவிக்கு அனுமதி இல்லை. சிறு துளை வழியாகப் பார்க்கும் ‘பீப் சைட்’தான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியதும் இதில்தான். அந்த அட்டையில் பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் அரை மில்லிமீட்டர். ரெட் டாட்டின் புள்ளியே அதை முழுக்க மூடிவிடும். ஆசை உண்மையாக இருந்தால் அந்தப் பணத்தை மதுரை ரைபிள் கிளப் போன்ற இடத்தில் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

தோப்பில் சுடும்போது

ஏர்கன் குண்டு சில நூறு மீட்டர் போகும். அட்டைக்குப் பின்னால் மண்மேடு அல்லது பழைய துணி திணித்த மரப்பெட்டி கட்டாயம் வேண்டும். தென்னை மரத்தில் அட்டையை அறையாதீர்கள். குண்டு தெறித்துத் திரும்பும், மரமும் காயப்படும். கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது.

வேளாண்துறைக்காரனாக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். குண்டு ஈயம். காய்கறிப் பாத்தியிலும் கிணற்றோரத்திலும் அது சேரக் கூடாது. கோழி அதைக் கல்லென்று நினைத்துக் கொத்தி விழுங்கும். ஈய நஞ்சு ஏறும். சுட்டு முடித்ததும் பெட்டியில் உள்ள குண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கேள்வி: ரெட் டாட்டும் லேசரும் ஒன்றுதானா?
– வாசகர், புளியங்குடி

பதில்: இல்லை. ரெட் டாட்டின் புள்ளி சுடுபவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். லேசர், ஒளிக்கதிரையே எதிரில் பாய்ச்சும். அது யார் கண்ணில் பட்டாலும் விழித்திரை பழுதாகலாம். இரண்டையும் சேர்த்து மலிவாக விற்பதைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் மயிலுக்கு என்னதான் வழி?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: மயில் அதிகம் கெடுப்பது விதைத்த முதல் பதினைந்து நாள். அந்த நாட்களில் காலையும் மாலையும் ஆள் காவல் இருந்தாலே பாதி சேதம் குறையும். வெயிலில் மின்னும் ஒளிநாடாவை வயலுக்குக் குறுக்கே, காற்றில் படபடக்கும்படி முறுக்கிக் கட்டுங்கள். சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றாவிட்டால் மயில் பழகிவிடும். நாற்றங்காலுக்கு வலை போடுங்கள். கார்பைடு துப்பாக்கி வேண்டாம். 2025 தீபாவளிச் சமயம் மத்தியப் பிரதேசத்தில் அதனால் பல பிள்ளைகளின் கண் பாதிக்கப்பட்டது.

பன்றிக்குச் சூரிய மின்வேலி நல்லது. மானியம் நடப்பில் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பன்றியோடு மனிதரும் போகிறார்கள். சேதம் ஆனால் அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள். நாள் கடந்தால் தடயம் அழியும், இழப்பீடு கேட்க ஆதாரம் இருக்காது.