புதுப் பிரேக்கை நம்பாதீர்கள்!

வீட்டில் பழைய அம்பாஸிடர் கார் வைத்திருக்கிறீர்களா? 2014-ல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனாலும், தாத்தா வாங்கிய வண்டி என்று துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நீங்களும் அவர்களில் ஒருவரானால், இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு.

"நேற்றுத்தான் நாலு சக்கரத்துக்கும் புதுப் பிரேக் போட்டேன். இன்று குடும்பத்தோடு கொடைக்கானல் புறப்படுகிறேன்" என்று யாராவது சொன்னால், உடனே கையைப் பிடித்து நிறுத்துங்கள். புதுப் பிரேக், நன்றாகப் படிந்த பழைய பிரேக்கைவிட மட்டமானது! வேடிக்கையாக இருக்கிறதா? காரணத்தைக் கேளுங்கள்.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது டிரம் என்னும் இரும்புச் சட்டி. அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள். அவற்றின் முதுகில் லைனிங். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் ஷூக்களை விரித்துத் தள்ளுகிறது. லைனிங் டிரம்மோடு உராய்கிறது, வண்டி நிற்கிறது. 1902-ல் பிரான்ஸின் லூயி ரெனோ டிரம் பிரேக்கை அமைத்த நாளிலிருந்து தத்துவம் இதேதான்.

ஆனால், பல வருஷம் தேய்ந்த டிரம்முக்கு ஒரு வளைவு. புது லைனிங்குக்கு வேறொரு வளைவு. பழைய மாமியாரும் புது மருமகளும் மாதிரி, ஆரம்பத்தில் அங்கங்கே இரண்டொரு இடத்தில்தான் ஒட்டும். முழு பாரமும் அந்த இடங்களிலேயே விழும். அப்போது நீங்கள் 'சடக்'கென்று ஓங்கி மிதித்தால், அங்கே சூடேறி லைனிங் கண்ணாடி போல் வழவழத்துப் போகும். பிறகு எத்தனை அழுத்தினாலும் வழுக்குமே தவிரப் பிடிக்காது.

ஆகவே மாட்டும்போதே கவனம் வேண்டும். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் லைனிங் மாற்றாதீர்கள். மிதித்தவுடன் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிரம்மில் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். விரிசல் கண்டால் மாற்றியே ஆகவேண்டும். ஆயில் கசியும் வீல் சிலிண்டரை முதலில் சரிசெய்யுங்கள். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை. இன்னொன்று: பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயையும் காட்டாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பல தடவை மிதித்துப் பாருங்கள். கல் மாதிரி நிற்கவேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது; ஏர் எடுத்துவிட்டுத்தான் மறு வேலை.

பிறகு, போக்குவரத்து இல்லாத சமதரைச் சாலைக்குப் போங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, நிதானமாக மிதித்து 15-க்குக் கொண்டுவாருங்கள். முழுக்க நிறுத்தாமல் காலை எடுத்துவிடுங்கள். சற்றுத் தூரம் சும்மா ஓட்டி ஆறவிட்டு, மறுபடியும் மிதியுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். முதல் 300 கிலோமீட்டர் வரை திடீர் மிதியும் வேண்டாம், மலைப்பாதையும் வேண்டாம். மேடுகள் தேயத் தேயப் பெடல் சற்றுக் கீழே இறங்கும். பயப்படாதீர்கள், மறுபடி அட்ஜஸ்ட் செய்துகொண்டால் போதும்.

மலையில் என்ன அபாயம் என்கிறீர்களா? இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். படிந்த பிரேக்குக்கே இந்தச் சோதனை என்றால், படியாத பிரேக்கின் கதி என்ன? அதனால்தான் எந்தப் பிரேக் ஆனாலும், ஏறிய கியரிலேயே இறங்கு என்கிறார்கள் அனுபவஸ்தர்கள்.

பின் ஆசனத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள். கொடைக்கானல் எங்கும் ஓடிவிடாது. அடுத்த வாரம் போகலாம்!