கொல்லையில் ஒரு காஸ் அடுப்பு

திருக்கார்த்திகைக்குத் திருவண்ணாமலை போகிறோம், கிரிவலம் வருகிறவர்களுக்கு நம் கையால் ஒரு பிடி சாதம் போட வேண்டும் என்று ஆசை பிறந்துவிட்டதா? நல்ல ஆசைதான். அன்னதானத்துக்கு அனுமதி வாங்கி, மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலையில் தெரிந்தவர் வீட்டுக் கொல்லையையும் பேசியாகிவிட்டது. காஸ் அடுப்பும் கையுமாகக் கிளம்புகிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள், சகோதரி!

ரயிலில் போவதாயிருந்தால் சிலிண்டர் கூடவே கூடாது. 2023 ஆகஸ்டு 26-ஆம் தேதி விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த யாத்திரிகர் பெட்டி எரிந்து ஒன்பது பேர் மாண்டார்களே, அவர்களும் நம்மைப்போல் கோயில் குளம் பார்க்கக் கிளம்பியவர்கள்தாம். பெட்டிக்குள் திருட்டுத்தனமாக ஏற்றியிருந்த சிலிண்டரில் டீ போடப் போனதால் வந்த வினை.

திறந்த வெளிதானே, என்ன வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். காஸ் காற்றைவிடக் கனம். புகைபோல மேலே போகாது. தண்ணீர்போலத் தாழ்ந்த இடம் தேடி ஓடும். ஆகவே பள்ளமும் சாக்கடை ஓரமும் வேண்டாம். சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் குழாயில் திரவமே வந்துவிடும். ரெகுலேட்டரை மாட்டியதும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கிற மாமிகளும் உண்டு. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது!

மலைக்காற்று ஒரு வீச்சில் தீயை அணைத்துவிடும். காஸ் மட்டும் வந்துகொண்டேயிருக்கும். காற்று வரும் பக்கம் ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள். சிலிண்டரையும் சேர்த்துச் சுற்றி அடைக்காதீர்கள். சின்ன அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றினால், வெளியே நீட்டிய அடிப்பாகம் சூட்டைக் கீழே திருப்பிக் குழாயைப் பொசுக்கும்.

இன்னொன்று. பெரிய அடுப்பை முழுசாகத் திறந்து வெகுநேரம் எரித்தால் சிலிண்டர் சில்லிட்டு வேர்க்கும், தீயும் இளைக்கும். உள்ளேயிருக்கும் திரவம் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் வரும் குளிர்ச்சி அது. உடனே வெந்நீரை ஊற்றுவதும், சிலிண்டரை அடுப்பருகே நகர்த்துவதும் பேராபத்து. தீயைத் தணித்துக் கொஞ்சம் பொறுங்கள். அரிசியை அரைமணி ஊறவைத்து, மூடி போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்தால் காஸும் மிஞ்சும். இந்தத் தொல்லையும் குறையும்.

காஸுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே நாற்றத்துக்கு மருந்து சேர்க்கிறார்கள். வீட்டுக்குள் அந்த நாற்றம் அடித்தால் ரெகுலேட்டரை மூடிக் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

சமையல் முடிந்ததும் முதலில் சிலிண்டர் பக்கத்தை மூடுங்கள். குழாயில் மிச்சமிருப்பது எரிந்து அணைந்த பிறகு அடுப்பின் குமிழைத் திருகுங்கள். அண்டாவை இறக்க இரண்டு பேர் வேண்டும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ள நான் சொல்லியா தர வேண்டும்?