ஒரே பெட்டியில் மூன்று பொருள்: தபாற் செலவை எப்படிக் கேட்பது?



வீட்டிலே தைத்ததையும் பின்னியதையும் இணையத்தளங்கள் மூலமாக வெளிநாட்டவருக்கு விற்கும் சகோதரிகள் இன்று நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். மருதமுனைக் கைத்தறிச் சால்வை, பன் பெட்டி, குரோஷே விரிப்பு எனப் பொருள்கள் பல. பொருளுக்கு விலை சொல்வதில் இவர்களுக்குத் தடுமாற்றம் இல்லை. நூலுக்கு எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்பது விரல்நுனியில் இருக்கும். தடுமாற்றம் வருவது தபாற் செலவில்தான். அதிலும், ஒரே வாடிக்கையாளர் இரண்டு மூன்று பொருள்களை ஒன்றாக வாங்கி, "எல்லாவற்றையும் ஒரே பொதியில் அனுப்பினால் தபாற் செலவு எவ்வளவு?" என்று கேட்கும்போது பலர் திகைத்துப் போகிறார்கள்.

சிலர் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய தபாற் செலவை அப்படியே கூட்டிக் கேட்கிறார்கள். வாங்க வந்தவர் போய்விடுகிறார். வேறு சிலர் வாடிக்கையாளரை இழக்கப் பயந்து, "ஒன்றுக்கு உரியதை மட்டும் தாருங்கள், மற்றவை இலவசம்" என்கிறார்கள். பின்னர் தபால் கந்தோரில் பொதியை நிறுக்கும்போது, ஒரு வாரத்து உழைப்பு முத்திரையாகப் போய்விடுகிறது. முதலாவதில் வாங்குபவருக்கு அநியாயம். இரண்டாவதில் நமக்கு நட்டம். கட்டிய பொதி உண்மையில் எவ்வளவு நிறை, அதை அனுப்ப உண்மையில் எவ்வளவு செலவு என்று கணக்கிட்டு, அதைப் பணம் வாங்குவதற்கு முன்னரே சொல்வதுதான் சரியான வழி.

சேர்த்து அனுப்பினால் ஏன் குறைகிறது?

தபாற் கட்டணத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. நிறைக்கு ஏற்பக் கூடுவது ஒன்று. பொதி ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டியது மற்றொன்று. பதிவுத் தபாற் கட்டணம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மூன்று பொதிகளுக்கு மூன்று பதிவுக் கட்டணம். ஒரே பொதிக்கு ஒன்றுதான். உறை, நாடா, கந்தோருக்குப் போய்வரும் முச்சக்கரவண்டிச் செலவு ஆகியனவும் அவ்வாறே.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. சர்வதேசத் தபாலில் 'சிறு பொதி' எனப்படும் வகைக்கு உச்ச நிறை 2 கிலோகிராம். அதைத் தாண்டினால் அது பார்சல் வகைக்குப் போய்விடும், கட்டணமும் மாறிவிடும். ஆகவே 1,900 கிராம் பொதியில் "இன்னுமொரு சின்னப் பொருள்தானே" என்று 200 கிராம் சேர்த்தால், சேர்த்து அனுப்புவதன் பயன் இல்லாமற் போகலாம். அப்படியான வேளையில் இரண்டு சிறு பொதிகளாக அனுப்புவது மலிவா என்று கேட்டுப் பாருங்கள்.

கூரியர் நிறுவனங்களின் கணக்கு வேறு. அவர்கள் பொதியின் நிறையை மட்டுமன்றி, அது பிடிக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்றிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது வழக்கமான முறை. 40 x 30 x 20 சென்றிமீற்றர் பெட்டிக்கு 4.8 கிலோ என்று வரும். உள்ளே இருக்கும் பன் பெட்டிகள் 2 கிலோதான் என்றாலும் கட்டணம் 4.8 கிலோவுக்கே. எனவே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கக்கூடியவற்றை அடுக்கி, சிறிய பெட்டியையே தெரிவு செய்யுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். ஒரு சால்வையை அனுப்பத் தபாலுக்கு ரூபா 2,400. உறைக்கும் நாடாவுக்கும் ரூபா 200. மொத்தம் ரூபா 2,600. மூன்று சால்வைகளை ஒரே உறையில் அனுப்பத் தபாலுக்கு ரூபா 4,000. உறைக்கு அதே ரூபா 200. மொத்தம் ரூபா 4,200.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஈபே, எட்ஸி போன்ற தளங்கள் தமது கமிஷனைப் பொருளின் விலைக்கு மட்டும் அறவிடுவதில்லை. வாங்குபவர் செலுத்தும் தபாற் செலவுக்கும் சேர்த்தே அறவிடுகின்றன. அந்தக் கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று கொண்டால், நமக்கு ரூபா 4,200 கையில் வர வேண்டுமாயின் 4,200 ஐ 0.9 ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ ரூபா 4,670 வரும். இவ்வாறே ஒரு சால்வைக்குரிய 2,600 என்பது 2,890 ஆகிறது.

அப்படியானால் முதற் சால்வைக்கு ரூபா 2,890. மீதி 1,780 ஐ மற்ற இரண்டுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ரூபா 890. முதற் பொருளுக்கு ஒரு தொகை, மேலதிகமான ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு தொகை என்ற இந்த முறையைத்தான் தளங்களும் ஏற்றுக்கொள்கின்றன. எட்ஸியில் தபாற் செலவைப் பதியும்போதே இவ்விரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடலாம். ஈபேயிலும் சேர்த்து அனுப்புவதற்கான கழிவை முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைக்கலாம். அத்துடன் வாங்குபவர் பணம் செலுத்துமுன் மொத்தத் தொகையைக் கேட்டால், திருத்திய பட்டியலை அனுப்பி வைக்கலாம்.

வாடிக்கையாளர் கேளாமலே மூன்றுக்கும் தனித்தனியாக ரூபா 8,670 செலுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரே பொதியில் அனுப்புகிறீர்கள். மிச்சமான ரூபா 4,000 யாருடையது? அது அவருடையது. அவர் கேட்கும்வரை காத்திராமல் தளத்தின் மூலமாகவே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொதியில் ஒட்டியிருக்கும் தபாற் கட்டணத்தை அவர் எப்படியும் பார்க்கத்தான் போகிறார். கண்ணால் காணாத ஒருவரை நம்பி, கடல் கடந்து பணம் அனுப்பியவரின் அமானிதம் அது.

எப்போது சேர்க்கக் கூடாது?

சேர்த்து அனுப்புவது எப்போதும் நன்மையல்ல.

முதலாவது, வரி. பிரித்தானியாவுக்குப் போகும் பொதியில் உள்ள பொருள்களின் பெறுமதி 135 பவுணுக்கு மேற்பட்டால், அங்கே சுங்கத் தீர்வை விதிக்கப்படக்கூடும். 80 பவுண் வீதம் இரண்டு நாளில் வந்த இரு வேறு கட்டளைகளை ஒரு பொதியாக்கினால் 160 பவுண் ஆகிவிடும். தபாலில் மிச்சம் பிடித்தது தீர்வையில் போய்விடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2021 ஜூலை 1 முதல் சிறு பெறுமதியான பொதிகளுக்கும் பெறுமதி சேர் வரி உண்டு. அமெரிக்கா 800 டொலர் வரையான பொதிகளுக்கு அளித்து வந்த வரிச் சலுகையை 2025 ஓகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. ஆகவே அமெரிக்காவுக்கு விலை சொல்லுமுன் தபால் கந்தோரில் அன்றைய நடைமுறையை விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அறவிடும் தபாற் செலவில் இறக்குமதி வரி அடங்காவிட்டால், அதை வாங்குபவருக்கு எழுத்திலே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பொருளின் தன்மை. அவுஸ்திரேலியாவில் தாவரப் பொருள்களைப் பரிசோதிப்பதில் மிகுந்த கண்டிப்பு. பன் பெட்டியுடன் சால்வையையும் வைத்து அனுப்பினால், பெட்டி பரிசோதனைக்காக நிறுத்தப்படும்போது சால்வையும் கூடவே நிற்கும். மதுசாரம் கலந்த வாசனைத் திரவியம், நகப்பூச்சு போன்றவை விமானத் தபாலில் ஆபத்தான பொருள்களாகக் கருதப்படுபவை. அன்பளிப்பாகக்கூட அவற்றைப் பொதிக்குள் வைக்காதீர்கள்.

மூன்றாவது, காலம். "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பிறகு சேர்த்து அனுப்புங்கள்" என்பவருக்கு ஒரு தவணை சொல்லுங்கள். தளத்தில் நீங்கள் வாக்களித்த அனுப்பும் நாளைத் தாண்டினால், தாமதத்துக்கு உங்கள் பெயரே கெடும்.

சுங்கப் படிவம்

பொதியில் ஒட்டும் சிஎன் 22 அல்லது சிஎன் 23 படிவத்தில், உள்ளே இருக்கும் ஒவ்வொரு வகைப் பொருளையும் தனி வரியில் எழுதுங்கள். "துணிகள்" என்று பொதுவாக எழுதாமல், "பருத்திக் கைத்தறிச் சால்வை, 3" என்று எண்ணிக்கை, நிறை, பெறுமதி ஆகியவற்றுடன் குறிப்பிடுங்கள். "அன்பளிப்பு என்று போடுங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள்" என்று சில வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. மறுத்துவிடுங்கள். அது பொய்யான கூற்று, கையொப்பமிடுவது நீங்கள். பொதி தொலைந்தால், எழுதிய பெறுமதிக்கு மேல் நட்டஈடு கேட்கவும் முடியாது.

பதில் எழுதும் முறை

சேர்த்து அனுப்பும் செலவைக் கேட்டவருக்கு உங்கள் பதிலில் ஐந்து விடயங்கள் இருந்தால் போதும்: எத்தனை பொருள்கள், கட்டிய பின் என்ன நிறை, எந்தச் சேவை, மொத்தத் தபாற் செலவு எவ்வளவு, எந்த நாளில் அனுப்புவீர்கள். கடைசியாக, "நான் திருத்திய பட்டியலை அனுப்பும்வரை பணம் செலுத்த வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பின்னால் வரும் பல பிணக்குகளை அந்த ஒரு வரி தவிர்க்கும்.

இத்தனைக்கும் தேவையானவை சமையலறைத் தராசு ஒன்றும் கொப்பி ஒன்றும்தான். நீங்கள் விற்கும் ஒவ்வொரு பொருளையும் ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் உறையிட்டு நிறுத்து, கிராமை எழுதி வையுங்கள். அதன் பக்கத்திலே, வழக்கமாக வாங்கும் நாடுகளுக்குரிய கட்டணத்தைத் தபால் கந்தோரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பற்றுச்சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி விடுங்கள். கட்டணம் மாறினால் அந்தச் சீட்டே காட்டிக் கொடுக்கும். அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து ஒருவர் விலை கேட்கும்போது, கொப்பியைத் திறந்து பார்த்துத் தயக்கமின்றி ஒரு தொகையைச் சொல்லலாம்.